ஜவ்வாது மலைக்குச் சைக்கிளில் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். இந்தத் தடவை பனி அதிகம். வேலூரில் காலை ஏழு மணிக்குப் போர்வையை விட்டு எழ மனசு வரவில்லை என்று சொன்னால் பெங்களூரில் யாரும் நம்பமாட்டார்கள்.

தை பிறந்ததும் நீங்கள் ஐந்து பேர் வாணியம்பாடி வரை வேனில் சைக்கிளை ஏற்றி வந்து, அங்கிருந்து ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் என்று மிதித்து, மலையில் டென்ட் போட்டுத் தங்கி, போளூர் வழியாக இறங்கி வீட்டுக்கு வருவதாக அம்மா சொன்னாள். அம்மாவுக்குக் கரடி பயம். எனக்குச் சைக்கிள் பயம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் போட்டு வாங்கின சைக்கிள்களாமே. நான் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்து உட்கார்ந்திருந்த காலத்தில் ஓடினதெல்லாம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., அட்லஸ், ஹீரோ. பின் சக்கரத்தில் ஒரு ரிங் பூட்டு. அழுத்தினால் ஒரு கம்பி போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே வந்து நிற்கும். அவ்வளவுதான் பாதுகாப்பு. அதைத் திருடுகிறவன் பூட்டைத் தொடவே மாட்டான். கேரியரைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முன் சக்கரத்தில் உருட்டியபடி பட்டப்பகலில் பஜார் நடுவே நடப்பான். யாராவது கேட்டால், "சாவி தொலைஞ்சிடுச்சுண்ணா, கடைக்குத்தான் கொண்டுபோறேன்." பாவம் பார்த்து இன்னொருத்தர் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிடுவார். முகத்தில் பதற்றம் இருக்காது, நடையில் அவசரம் இருக்காது. திருடன் என்றால் இருட்டில் பதுங்கி வருவான் என்று உன் அம்மா இன்றைக்கும் நினைக்கிறாள்.

ஸ்டாண்டில் வேறு ஒரு விதம். ஓட்டை சைக்கிளில் உள்ளே வந்து டோக்கன் வாங்குவான். இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து, "டோக்கனைத் தொலைச்சிட்டேன், அதோ அந்தப் பச்சை வண்டிதான் என்னுது" என்று புது வண்டியைக் காட்டுவான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: "வண்டியில என்ன அடையாளம்?" சொந்தக்காரனாக இருந்தால் கொட்டித் தீர்ப்பான். சீட் கவர் கிழிந்து தைத்தது, இடது பெடலில் ஒரு ரப்பர் இல்லாதது, மட்கார்டில் தங்கச்சி ஒட்டின ஸ்டிக்கர் எல்லாம் வரும். மற்றவன் "பச்சை கலர்ணா" என்பதற்கு மேல் போகமாட்டான்.

உன்னை அந்தக் கேள்வி கேட்டால் என்ன சொல்வாய்? கம்பெனி பெயர், கலர், எத்தனை கியர். அதெல்லாம் பெங்களூரில் ஆயிரம் வண்டிக்குப் பொருந்தும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு போகிற உருளையின் அடியைத் துணியால் துடைத்துப் பார். அழுக்குக்கு அடியில் எண் வெட்டியிருக்கும். அதுதான் ஃப்ரேம் நம்பர். ஒருசில வண்டிகளில் ஹேண்டில் கழுத்துப் பக்கம் இருக்கும். அந்த எண்ணை ஒரு போட்டோ, முழு வண்டியை நீ பக்கத்தில் நிற்க ஒரு போட்டோ, கீறல், அடி பட்ட இடங்களை ஒரு போட்டோ, அப்புறம் பில். நான்கையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. மற்ற நால்வரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பச் சொல். சைக்கிளோடு போன பையில் போனும் இருந்தால் போட்டோ அதோடு போகும்.

பில் ஏன் என்பதையும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய ஐ.பி.சி. என்கிற இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சம்ஹிதை வந்திருக்கிறது. அதில் திருட்டு 303-வது பிரிவு. போன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கிற வகையில் அது வராது. கோர்ட் உத்தரவு வேண்டும். ஸ்டேஷனில் எழுதுகிறவருக்குச் சைக்கிள் என்றால் சைக்கிள்தான். "பழைய சைக்கிள் ஒன்று" என்று எழுதிவிட்டால் உன் ஐம்பதாயிரம் அந்த வரியிலேயே கரைந்துபோகும். பில்லை நீட்டினால் எழுத்து மாறும்.

இப்போது பூட்டு. போன தீபாவளிக்கு வந்தபோது உன் சைக்கிளில் பார்த்தேன், சுருள் சுருளாக ஒரு கேபிள், மேலே ரப்பர், நான்கு எண் போட்டுத் திறப்பது. அதை நறுக்க ஒரு கட்டிங் பிளையர் போதும். இன்னொன்றும் பார்த்தேன்: பூட்டிவிட்டு நீ கடைசி எண்ணை மட்டும் ஒரு தட்டு தட்டித் திருப்புகிறாய். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அது தெரிந்தவன் அந்த ஒரு எண்ணைச் சுற்றியே திறந்துவிடுவான். அந்தக் கேபிள் ஹெல்மெட்டையும் சீட்டையும் கட்டி வைக்க ஆகும், வண்டிக்கு ஆகாது. கெட்டியான யு-லாக், அதாவது யு வடிவ இரும்புப் பூட்டு, ஒன்று வாங்கு. எடை இருக்கும், பரவாயில்லை. பெரிசாக வேண்டாம், உள்ளே கடப்பாறை நுழைத்து நெம்ப இடம் இருக்கக் கூடாது. ஃப்ரேமும் பின் சக்கரமும் சேர்ந்து அதற்குள் வரவேண்டும், அதோடு அசையாத ஏதாவது ஒன்றும். வெறும் முன் சக்கரத்தைப் பூட்டினால் சக்கரம் மட்டும் உனக்கு மிஞ்சும். இப்போதைய வண்டிகளில் ஒரு லீவரைத் திருப்பினாலே சக்கரம் கையோடு வந்துவிடுகிறதே. பூட்டைத் தரையில் படும்படி தொங்கவிடாதே. தரையில் வைத்துச் சுத்தியால் அடிக்கச் சௌகரியமாகிவிடும்.

மரத்தில் கட்டுவதானால் நல்ல பருமனான மரமாகப் பார். சந்தன மரத்தில் மட்டும் கட்டிவிடாதே. மரத்தையே வெட்டிக் கொண்டுபோனவர்கள் உலவிய மலை அது. சைக்கிள் அவர்களுக்கு ஒரு கொசுறு!

ராத்திரிக்கு ஐந்து வண்டியையும் ஐந்து இடத்தில் பூட்டாதீர்கள். ஒன்றின் தலை, அடுத்ததன் வால் என்று எதிரும் புதிருமாக நெருக்கி நிறுத்தி, எல்லா ஃப்ரேமுக்குள்ளும் ஒரு கெட்டிச் சங்கிலியை ஓட்டி மரத்தோடு பூட்டுங்கள். அப்படிப் பின்னிக் கிடப்பதைத் தூக்கவும் முடியாது, பிரிக்கவும் நேரமாகும். லைட், மீட்டர், பம்ப் எல்லாம் கழற்றி டென்ட்டுக்குள். முன் சக்கரத்தையும் கழற்றி உள்ளே போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. ஒற்றைச் சக்கர வண்டியில் யாரும் ஏறி ஓடமுடியாது. நிறுத்தின பிறகு பெடலைச் சுற்றாமல் கியர் லீவரை மட்டும் நாலைந்து தட்டு மாற்றி வைத்துவிடு. ஏறி மிதிக்கிறவனுக்குச் செயின் கடகடவென்று தாவி இழுக்கும், சத்தமும் வரும். காலையில் நீ ஏறும்போது ஞாபகம் இருக்கட்டும். கடைசியாக மேலே ஒரு மங்கலான தார்ப்பாய். அதன் ஒரு மூலையில் இருந்து கயிறு எடுத்து டென்ட் கம்பியில் கட்டி, நடுவில் இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கோத்துவிடு. அந்தக் காலத்தில் வண்டிக்காரர்கள் மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் தூங்குவார்கள். அதே வேலையை டம்ளர் செய்யும்.

எங்கே டென்ட் போடுவது என்பதுதான் பூட்டைவிடப் பெரிய விஷயம். ரோட்டோரம் வேண்டவே வேண்டாம். ஐந்து சைக்கிளைத் தூக்க ஒருவனுக்கு டாடா ஏஸ் வேண்டும். அது வந்து நிற்க முடியாத இடமாகப் பாருங்கள். அதற்காகக் காட்டுக்குள்ளும் போகாதீர்கள். ரிசர்வ் ஃபாரஸ்ட்டில் அனுமதி இல்லாமல் தங்கினால் திருடன் வருவதற்கு முன்னால் ஃபாரஸ்ட்காரர் வருவார், அப்புறம் நீதான் குற்றவாளி. வெளிச்சம் இருக்கும்போதே ஏதாவது ஊருக்குள் போய், பெரியவர் ஒருவரைப் பார்த்து, "இன்னிக்கு ராத்திரி இங்க தங்கிக்கலாமாங்க?" என்று கேளுங்கள். சாமை காயப்போடுகிற களமோ, வீட்டுப் பின்பக்கமோ காட்டுவார்கள். ஊர் நாய்கள் நாலு இருக்கும். அவற்றுக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் போட்டு அறிமுகமாகிக்கொள். காலையில் கிளம்பும்போது ஒரு தொகை கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். உன் கூட வருகிறவர்களில் யாராவது மலைக்காரர்களைப் பார்த்து "பத்திரம், எடுத்துடுவாங்க" என்று அவர்கள் காதுபட ஆங்கிலத்தில் பேசினால் வாயை மூடச் சொல். பசங்கள் வந்து பெல் அடிப்பார்கள், பிரேக்கை அழுத்திப் பார்ப்பார்கள், ஒரு ரவுண்டு கேட்பார்கள். கொடு. வண்டி காணாமல் போனால் முதலில் மாட்டுவது பக்கத்தில் நின்ற பையன்தான், எடுத்தவன் எங்கேயோ போயிருப்பான். ஸ்டாண்டில் இருந்தபோது அதையும் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் எனக்கு ராத்திரியைப் பற்றிக் கவலை கம்மி. ராத்திரி நீங்களே உஷாராக இருப்பீர்கள். கவலையெல்லாம் பகலில், சந்தோஷமாக இருக்கும் நேரத்தில். பீமன் அருவியில் தண்ணீரைப் பார்த்ததும் ஐந்து பேரும் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுவீர்கள். திரும்பி வர ஒரு மணி நேரம். யாராவது ஒருத்தர் மேலே இருக்கட்டும், முறை வைத்துக் குளியுங்கள். ஆலங்காயத்தில் டீ குடிக்க நின்றாலும் அப்படித்தான்: கடைக்கு முன்னால், நீங்கள் உட்காரும் பெஞ்சில் இருந்து பார்வை படுகிற இடத்தில் நிறுத்தி, கடைக்காரரிடம் "அண்ணா, வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் அது அவர் பொறுப்பு, கௌரவப் பிரச்சினை. காசு கொடுத்தாலும் கிடைக்காத காவல் அது. காவலூரில் 1986-ல் இருந்து இயங்குகிற 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு பெயரில். அந்த மலையில் அப்படி ஓர் இருட்டு. நட்சத்திரம் பார்க்க எல்லாரும் அண்ணாந்து நிற்கும் நேரத்தில் சைக்கிள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பார்ப்பதற்கு முன்னால் பூட்டிவிடு.

உன் ஃப்ரெண்ட் யாரோ சீட்டுக்கு அடியில் ஏர்டேக் என்று, பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் வில்லை ஒன்றை ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னாயே. அதில் ஜி.பி.எஸ். இல்லை. பக்கத்தில் போகிற ஐபோன் எதையாவது பிடித்துத்தான் இடம் சொல்லும். பெங்களூரில் சரி. மலைக் கிராமத்தில் ஐபோனுக்கு எங்கே போவது?

மீறிப் போய்விட்டால் ஆளாளுக்குத் திட்டிக்கொண்டு நிற்காதீர்கள். மலையில் இருந்து இறங்க வழிகள் சிலவே. இரண்டு பேர் போளூர் பக்கமும் இரண்டு பேர் ஆலங்காயம் பக்கமும் கேட்டுக்கொண்டே போங்கள், ஒருத்தர் 112-க்குப் போன் போடட்டும். காவலூர் திருப்பத்தூர் மாவட்டம், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், நம்ம வீடு வேலூர் மாவட்டம். எனக்கு இதெல்லாம் ஒரே வட ஆற்காடுதான். 1989-ல் ஒரு தடவை பிரித்தார்கள், 2019-ல் இன்னொரு தடவை. எந்த ஸ்டேஷனிலாவது "எங்க எல்லை இல்லைம்மா" என்றால், எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம் என்று அதே நாளில் வந்த இன்னொரு புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173-வது பிரிவு சொல்கிறது என்று மரியாதையாகச் சொல். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்றால் அவர்களுக்கே புரியும். கையில் நகல் வாங்காமல் வெளியே வராதே.

யு-லாக் வாங்கினால் இரண்டு சாவி தருவார்கள். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டு வராதே, ஒன்றை இன்னொருத்தரிடம் கொடு. கணியம்பாடி தாண்டியதும் எனக்கு ஒரு போன் போடு, கேட்டைத் திறந்து வைக்கிறேன். வராண்டாவில் இருந்த பழைய பீரோவை நகர்த்தியாகிவிட்டது. ஐந்து வண்டியும் உள்ளேயே நிற்கும்.

அம்மா கேட்கச் சொன்னாள்: ஐந்து பேரில் யார் யார் சைவம்?

அன்புடன்,
அப்பா