வெளியூர்ப் பிள்ளைக்கும் ஒரு ரேட் போடுங்க: கோல்ஃப் கிளப் கமிட்டிக்கு காரைக்குடியிலேர்ந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செக்ரட்டரி, கமிட்டி உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

உங்க கிளப் பேரையும் ஊரையும் நான் இங்க எழுதல. யாரையும் அவமானப்படுத்தணும்ங்கிறது என் நோக்கம் இல்ல. ஜூனியர் போட்டிக்கு முந்தின நாள், கூட மெம்பர் வரலனு என் மகள பிராக்டிஸுக்கு விடாம உங்க கேட்ல நிறுத்துனது உங்க ஆபீஸுக்கு நல்லாவே தெரியும், நான் அனுப்புன மெயிலும் உங்ககிட்ட இருக்கு, அதுக்கு வந்த பதில் "விதிமுறைப்படியே நடந்துள்ளது"ங்கிற ஒரே வரி. அந்த விதிமுறைய மாத்துங்கனுதான் இப்ப எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

நான் கேக்குறது இதுதான். வெளியூர்லேர்ந்து வர்ற ஜூனியர் பிள்ளைங்க, கூட ஒரு மெம்பர் வந்து நிக்கணும்ங்கிற கட்டாயம் இல்லாம, அன்னன்னைக்கு கிரீன் ஃபீ, அதாவது ஒரு தடவ ஆடுறதுக்கான கட்டணம், கட்டி ஆடுறதுக்கு ஒரு ரேட் போடுங்க. அந்த ரேட்ட எல்லாரும் பாக்குற மாதிரி எழுதி வைங்க.

மெம்பர்ஷிப் வாங்கிக்கலாமேனு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. சேர்க்கைக் கட்டணம் பல லட்சம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதுக்கப்புறம் மாசச் சந்தா, இதெல்லாம் கட்ட ரெடியா இருந்தாலும் வெயிட்டிங் லிஸ்ட். உங்க ஊர்ல இருந்துக்கிட்டு தினமும் காலைல வந்து ஆடுறவருக்கும், வருஷத்துல எப்பவாவது ராத்திரி பஸ் ஏறி வர்ற எங்களுக்கும் அதே கட்டணம்ங்க. நகரத்துல நிலத்தோட மதிப்பு அப்படி, புல்லுக்கும் தண்ணிக்கும் செலவு அப்படினு காரணம் சொல்றீங்க. செலவு இருக்குறது எனக்கும் தெரியும், பதினெட்டு ஹோல், அதாவது பதினெட்டு குழி இருக்குற கோர்ஸ்னா நூறு ஏக்கருக்கு மேல வேணும், அத்தனைக்கும் தண்ணி ஊத்தணும், வெட்டணும். ஆனா நில மதிப்புனு பேசும்போது ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வருது. கிண்டி ரேஸ் கோர்ஸ் இடத்துக்கு 1946ல போட்ட குத்தகைல வருஷ வாடகை 614 ரூபா 13 அணா, 2024 செப்டம்பர்ல அந்த 160 ஏக்கர அரசு திரும்ப எடுத்துக்கிட்டதையும் எல்லாரும் பேப்பர்ல படிச்சோம். இந்தியாவுல பல பழைய கோல்ஃப் கோர்ஸ் அரசு குத்தகை நிலத்துலதான் இருக்கு. நிலத்துக்குக் குடுக்குற வாடகைக்கும் உள்ள வரக் கேக்குற காசுக்கும் பல இடத்துல சம்பந்தமே இருக்குறதில்ல. உள்ள இடம் எத்தன பேருக்கு, வெளில எத்தன பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க, அதுதான் ரேட்ட முடிவு பண்ணுது.

ஜப்பான்ல இது எங்க போய் நின்னுச்சுனு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அங்க மெம்பர்ஷிப்ப ஷேர் மாதிரி வாங்கி வித்தாங்க, 1980கள் கடைசில டோக்கியோ பக்கத்துல இருக்குற கொகனேய் கிளப்போட ஒரு மெம்பர்ஷிப் சுமார் நாப்பது கோடி யென் வரைக்கும் போச்சு, அப்புறம் பொருளாதாரம் சரிஞ்சதும் இதுவும் சேர்ந்து விழுந்துச்சு.

ஊருக்கு ஊர் ரேட் மாறுறதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, அத மட்டும் தெளிவா சொல்லிடுறேன். ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்ல உள்ளூர்க்காரங்க வருஷச் சீட்டு ஒண்ண வாங்கிக்கிட்டு கொறஞ்ச காசுல ஆடுறாங்க, வெளிலேர்ந்து போறவங்க சீசன்ல ஒரே ஒரு ரவுண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல குடுக்கணும். நியூயார்க்ல பெத்பேஜ் பிளாக்னு ஒரு கோர்ஸ், மாநில அரசோட பார்க்குக்குள்ள இருக்கு, 2002லயும் 2009லயும் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி அங்க நடந்துச்சு. அந்த மாநிலத்துக்காரங்களுக்கு ஒரு ரேட், மத்தவங்களுக்கு அத விட அதிகம். இருக்கட்டும். ஆனா ரெண்டு இடத்துலயும் ரேட் எழுதிப் போட்டிருக்கு, இடம் கெடச்சு காச கட்டுனா வெளியாளும் ஆடலாம், கூட ஒரு மெம்பரக் கூட்டிட்டு வானு கேக்குறதில்ல. அதத்தான் நானும் கேக்குறேன். உள்ளூர்ப் பிள்ளைய விட எங்க பிள்ளைக்கு அதிகமா வாங்குனாக்கூட பரவால்ல, ஒரு ரேட் இருக்கணும்.

என் மக மலேசியாவுல ஈப்போவுல எட்டு வயசுல கோல்ஃப் பிடிச்சா. நான் அங்க வேலைல இருந்தேன், வாரநாள்ல காசு கட்டுனா போதும், எங்கேருந்து வந்தீங்கனு யாரும் கேக்கல. எங்க ஐயாவுக்கு உடம்பு முடியலனு குடும்பத்தோட காரைக்குடிக்கே வந்துட்டோம். வந்த பிறகு அவ விடல. எங்க பழைய வீட்டு வளவுல ஆத்தங்குடிக் கல்லு மேல புட்டிங், அதாவது பந்த மெதுவா உருட்டிக் குழில போடுறது, பழகுறா, கோடைல வத்திக் கெடக்குற கண்மாய் மணல்ல இறங்கி பங்கர் ஷாட், அதாவது மணல் குழிலேர்ந்து பந்த வெளில எடுக்குற அடி, அடிக்கிறா. ஆடு மேய்க்கிற பெரியவரு ஒருத்தரு பந்து பொறுக்கிக் குடுப்பாரு.

இனி அந்த நாளுக்கு வர்றேன். போட்டி உங்க கோர்ஸ்ல, என் மக பேரு லிஸ்ட்ல இருக்கு, நுழைவுக் கட்டணம் கட்டின ரசீது கைல இருக்கு. முந்தின நாள் ஒரு பிராக்டிஸ் ரவுண்டு ஆடிப் பாத்துரலாம்னு ராத்திரி பஸ்ல கிளம்புனோம், கோல்ஃப் பேக்குக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டு நடைபாதைல படுக்க வச்சு அது உருண்டுராம காலால பிடிச்சுக்கிட்டே வந்தா. விடியல்ல இறங்கி பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைல மூஞ்சி கழுவிட்டு ஆட்டோ பிடிச்சு உங்க கேட்டுக்கு வந்துட்டோம். உங்க மெம்பரா இருக்குற எங்க பங்காளி வீட்டு அண்ணன் ஏழு மணிக்கு வர்றதா இருந்துச்சு. அன்னைக்குப் பாத்து அவரு மாமியார ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க, வர முடியலப்பானு போன் பண்ணாரு. மெம்பர் கூட வராம கெஸ்ட்ட விட முடியாதுன்னாங்க. ரசீதக் காமிச்சேன். ஆபீஸ் பத்து மணிக்குத்தான் தொறக்கும்னு சொன்னாங்க. செக்யூரிட்டி அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்லங்க, அவரு நாற்காலி எடுத்துப் போட்டு பிள்ளைக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. பத்து மணிக்கு ஆபீஸ்ல சொன்ன பதில், "போட்டி நாளுக்கு மட்டும்தான் அனுமதி, பிராக்டிஸுக்கு கெஸ்ட் விதிதான்."

அவகூட போட்டியிடப் போற உங்க மெம்பர் வீட்டுப் பிள்ளைங்க அந்த நேரத்துல எங்க கண்ணு முன்னாடி பேக்கோட உள்ள போயிட்டு இருந்தாங்க. இவ கம்பி வேலி ஓரமா நின்னு முதல் ஹோலுக்குப் போற வழி எந்தப் பக்கம் வளையுதுனு பாத்துக்கிட்டு இருந்தா. மறுநாள் பதினெட்டு ஹோலையும் முதல் தடவையா பாத்துப் பாத்து ஆடினா. முடிச்சுட்டு வந்து, குழியச் சுத்தி இருக்குற வழவழப்பான புல்தரை, அதான் கிரீன், அதப் பத்தி என்கிட்ட சொன்னது, "அப்பச்சி, இந்த கிரீன்ல பந்து எவ்வளவு வேகமா ஓடும்னே எனக்குத் தெரியலப்பச்சி". அப்பாவ நாங்க அப்பச்சினுதான் கூப்பிடுவோம். அவ தோத்ததுக்கு நான் இத எழுதல. தோக்கட்டும், ஜெயிக்கட்டும், அது ஆட்டம். ஒரே போட்டிக்கு ஒரே கட்டணம் வாங்கிக்கிட்டு, ஒரு பிள்ளைக்கு கோர்ஸ தெரிஞ்சுக்க விட்டுட்டு இன்னொரு பிள்ளைய வேலிக்கு வெளில நிறுத்துறது எந்த வகைல நியாயம்னு கமிட்டில இருக்குற பெரியவங்க சொல்லணும்.

உங்க ஊர்லயே ஒரு கோர்ஸ் கட்டிக்க வேண்டியதுதானேனு கூட ஒருத்தர் கேட்டாரு. எங்க சீமைல ஊரணித் தண்ணிய நம்பி வாழ்ந்தவங்கங்க நாங்க. குடிக்கிற தண்ணிய புல்லுக்கு ஊத்த எங்களுக்கு மனசு வராது. புல்லுக்குப் பதிலா எண்ணெய் கலந்த மணல்ல "பிரவுன்"னு போட்டு ஆடுன கோர்ஸெல்லாம் இந்தியாவுல இருந்திருக்கு, அந்த மாதிரி எளிசா ஒண்ணு சின்ன ஊர்கள்ல அமைக்கிறதப் பத்தி விளையாட்டுத் துறை யோசிச்சா நல்லா இருக்கும். ஆனா எந்த விளையாட்டுனாலும் நகரத்துக்குத்தான் முதல்ல, மிச்சம் இருந்தா மத்த ஊருக்குங்கிறது இந்த நாட்டுல பழகிப் போச்சு. அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்ல நாலாவதா வந்தப்ப நாடே விடியக்காலைல எந்திரிச்சு பாத்துச்சு. அவங்க பெங்களூரு, சின்ன வயசுலயே அங்க ஒரு கோர்ஸ்ல பழக வழி இருந்துச்சு. 1991ல இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டிய ஜெயிச்ச அலி ஷேர், 2009ல ஜெயிச்ச முனியப்பா ரெண்டு பேரும் கேடியா, அதாவது ஆடுறவங்களுக்குப் பேக் தூக்குற வேலைல, இருந்து வந்தவங்க. அடுத்தவங்க பேக்க சுமந்துதான் அவங்களால கேட்டத் தாண்ட முடிஞ்சுது.

எங்க நகரத்தார் வழக்கத்துல கல்யாணம் ஆனா கோயில்ல ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக் கணக்கு. பர்மாவுல இருந்தாலும் மலேசியாவுல இருந்தாலும் புள்ளி வரி கட்டுனா அவன் அந்தக் கோயிலுக்கு உரியவன், திருவிழாவுக்கு வந்தா கூட யாரக் கூட்டிட்டு வந்தேனு கேக்க மாட்டாங்க. வசதிக்குத் தகுந்த மாதிரி ஆஸ்தி வரி வாங்குறதும் உண்டு. ஆளுக்கு ஆள் தொகை மாறலாம், ஆனா என்ன தொகைனு எல்லாருக்கும் தெரியும்.

கோவத்துல ஏதாவது கூடப் பேசியிருந்தா பொறுத்துக்கோங்க. மறுபடியும் பணிவா கேக்குறேன். அடுத்த கமிட்டி கூட்டத்துல இத எடுத்துப் பேசுங்க. வெளியூர் ஜூனியர் கிரீன் ஃபீ எவ்வளவு, எந்தெந்த நாள், எந்த நேரம்னு முடிவு பண்ணி நோட்டீஸ் போர்டுலயும் உங்க வெப்சைட்லயும் போடுங்க. கூட்டம் இல்லாத வாரநாள் மத்தியானமா இருந்தாலும் சரி, வெயில் எங்களுக்குப் புதுசு இல்ல. குறைஞ்சபட்சம் போட்டிக்குப் பேரு குடுத்த பிள்ளைக்கு முந்தின நாள் ஒரு ரவுண்டாவது, மெம்பர் துணை இல்லாம, ரசீதக் காமிச்சா விடுற மாதிரி செய்ங்க. அந்த ரவுண்டுக்கு என்ன காசோ அத நான் கட்டுறேன். அடுத்த ஜூனியர் போட்டி அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி பதில் போட்டீங்கன்னா, பஸ் டிக்கெட் எந்த நாளைக்குப் போடுறதுனு நாங்க முடிவு பண்ணிக்குவோம்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
காரைக்குடியிலேர்ந்து ஒரு ஜூனியர் ஆட்டக்காரியோட அப்பச்சி