என்எம்எம்எஸ் பட்டியலை வைத்துப் பள்ளியை எடை போடாதீர்கள்

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு வணக்கம்.

ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருவதற்காக எட்டாம் வகுப்பில் நடத்தும் என்எம்எம்எஸ் தேர்வின் முடிவு வந்த அன்று மாலையே, எந்தப் பள்ளியில் எத்தனை பேர் என்ற பட்டியல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த தலைமையாசிரியர் கூட்டத்தில் முதலிடத்துப் பள்ளிக்குச் சால்வை. ஒருவரும் தேறாத பள்ளியின் எச்.எம். எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எட்டாம் வகுப்பில் 42 பேர் இருந்தார்கள். ஜூலையிலேயே எட்டுப் பேரைத் தனியே பிரித்தோம். மனத்திறனைச் சோதிக்கும் மேட் தாளில் 90 கேள்வி, பாடங்களிலிருந்து கேட்கும் சாட் தாளில் 90 கேள்வி. அதற்காக மாலை வகுப்பு, சனிக்கிழமை மாதிரித் தேர்வு. மூன்று பேர் தேறினார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இந்த உதவித்தொகையாக வரும் மாதம் 1,000 ரூபாய் பெரிய பணம். ஆனால் அதே வகுப்பில் வகுத்தல் வராத பிள்ளைகள் பதினோரு பேர். அந்த மாலைகள் அவர்களுக்குச் சேர வேண்டியவை. அவர்களில் ஐந்து பேர் வகுத்தல் கற்றிருந்தால், அது எந்தப் பட்டியலில் ஏறியிருக்கும்?

தமிழ்நாட்டுக்கு மொத்தமே 6,695 இடங்கள். எல்லாப் பள்ளிகளும் நன்றாகக் கற்பித்தாலும் அந்த எண் உயராது. ஒரு பள்ளி ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும்.

2008இல் இந்தத் திட்டம் வந்ததே, ஏழைப் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான். அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. தேறியவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை பணம் வாங்கினார்கள்? வருடா வருடம் இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும், பள்ளி சரிபார்க்க வேண்டும், அப்புறம் மாவட்டம். பத்து முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டால் அதைக் கவனிக்க ஆளில்லை. ஆதாரில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் என் மாணவி ஒருத்திக்குப் பத்தாம் வகுப்பில் பணம் நின்றுபோனது. அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ் அப்போதும் பள்ளி வாசலில்தான் இருந்தது.

அடுத்த கூட்டத்தில், தேறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன், பணம் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை