நாலு ஜெர்சி ஸ்போர்ட்ஸ் ரூம்லயே இருக்கு – பெற்றோருக்கு தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பொண்ணுங்க ஹேண்ட்பால் ஃபைனல்ல தோத்துட்டு வந்தாங்கல்ல, அதுக்கப்புறம் நாலு வீட்ல இருந்து வந்து "பேரை எடுத்துடுங்க டீச்சர், அடுத்த வருஷம் பத்தாவது, ஜெயிக்கவும் மாட்டேங்கறாங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டீங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அதான் எழுதறேன்.

ஹங்கேரில அனிதா கோர்பிட்ஸ்னு ஒரு பிளேயர். பேரு நம்ம கிளாஸ்லயே ரெண்டு பேருக்கு இருக்கு, அதனாலயே எனக்கு மனசுல ஒட்டிக்கிச்சு. 1983-ல வெஸ்ப்ரேம்ங்கற ஊர்ல பிறந்தவங்க. 1997-ல, அதாவது நம்ம ஒன்பதாவது பொண்ணுங்க வயசுல, ஜியோர் கிளப்ல சேர்ந்தாங்க, 2021-ல ரிட்டயர் ஆகற வரைக்கும் வேற கிளப்புக்கே போகல. நடுவுல நின்னு பந்தை யாருக்கு தரணும், எப்ப உள்ள பாயணும்னு மொத்த ஆட்டத்தையும் ஓட்டற இடம் அவங்களோடது. 2005-ல உலகத்தோட சிறந்த வீராங்கனைன்னு தேர்ந்தெடுத்தாங்க, அப்ப வயசு 22.

ஆனா நான் சொல்ல வந்தது அவங்க தோத்த கதைய. 2003 உலகக்கோப்பை ஃபைனல்ல ஹங்கேரி 7 கோல் முன்னாடி இருந்துச்சு, கடைசி பத்து நிமிஷம் சொச்சத்துல பிரான்ஸ் அத்தனையும் எட்டிப் பிடிச்சு எக்ஸ்ட்ரா டைம்ல 32-29னு ஜெயிச்சுட்டாங்க. நம்ம பொண்ணுங்க 2 கோல்ல தோத்ததுக்கே பஸ் முழுக்க அழுதாங்க, அது எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம், மெடல் இல்ல. கிளப்லயும், ஐரோப்பாவோட பெரிய கிளப்புங்க மோதற சாம்பியன்ஸ் லீக் போட்டி ஃபைனல்ல 2009-ல தோல்வி, 2012-ல தோல்வி. 2013-லதான் முதல் கப், அப்ப அவங்களுக்கு 30 ஆகப் போகுது! அடுத்த வருஷமும் ஜெயிச்சாங்க.

2015-ல குழந்தை பிறந்துச்சு, இனிமே எங்க விளையாடப் போறாங்கன்னு நம்ம ஊரா இருந்தா சொல்லியிருப்போம், ஆனா திரும்பி வந்தாங்க, 2016 ஃபைனல்ல பெனால்டில தோத்தாங்க, அப்புறம் 2017, 2018, 2019னு வரிசையா மூணு கப். 2019 ஃபைனல் 25-24, ஒரே ஒரு கோல் வித்தியாசம்.

படிப்பு கெடும்னு நீங்க பயப்படறது நியாயம்தான், நானும் பொண்ணு வெச்சிருக்கேன். அதனால பரீட்சை சமயத்துல பிராக்டிஸ் வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும், சாயங்காலம் ஆறு மணிக்குள்ள விட்டுடுவோம், பி.டி. டீச்சர் கேட் வரைக்கும் கூட வருவாங்க, கணக்குல தடுமாறற பிள்ளைங்களுக்கு நானே மதியம் உக்காந்து சொல்லித் தரேன்.

புதன்கிழமை திரும்ப ஆரம்பிக்கிறோம். அந்த நாலு பேரோட ஜெர்சிய இன்னும் யாருக்கும் கொடுக்கல, துவைச்சு மடிச்சு ஸ்போர்ட்ஸ் ரூம்ல வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை