காகிதம் எங்கே நிற்கிறது?

மதுரை,
2025 ஜூன்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. சென்னையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்ததில் சந்தோஷம். திண்ணை இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, டிவி விவாதம் பார்த்து ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்ளச் சாயங்காலமும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மதுரை எம்.பி. உங்கள் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டித் தீர்த்திருக்கிறாய். அவர் எதற்குப் பார்க்கணும்? உங்கள் திருமங்கலம் மதுரை மாவட்டம்தான். ஆனால் நாடாளுமன்றத்துக்கு விருதுநகர் தொகுதி. திருப்பரங்குன்றமும் அதே. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியோடு போய்விட்டன. மாவட்டத்தில் உள்ள 10 சட்டமன்றத் தொகுதிகளில் ஆறுதான் மதுரை எம்.பி.க்கு. முதலில் திட்டுகிற விலாசத்தைச் சரிபண்ணு.

"செய்தி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, எதைப் பிடித்துக்கொள்வது?" என்று கேட்டிருந்தாய். எந்தச் செய்தி வந்தாலும் ஒன்றை மட்டும் கேள்: இந்தக் காகிதம் இப்போது எந்த மேஜையில் நிற்கிறது? மேடையில் சொன்னது அறிவிப்பு. அதற்குப் பிறகு அரசாணை வரவேண்டும். அதில் எண், தேதி, துறை மூன்றும் இருக்கும். வாட்ஸ்அப்பில் வருகிற "அரசு உத்தரவில்" இந்த மூன்றும் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதே. அரசாணைக்கப்புறம் நிதி, நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை, கடைசியில் பில். ஒவ்வொரு படியிலும் வருஷக்கணக்கில் தூங்க இடமுண்டு. உனக்குப் பக்கத்தில் தோப்பூர் எய்ம்ஸையே எடுத்துக்கொள். அடிக்கல் நட்டது 2019 ஜனவரி 27. ஜப்பான் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச். கட்டட வேலை ஆரம்பித்தது 2024-ல். நடுவில் 2022-லேயே முதல் 50 மாணவர்களை ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். "எய்ம்ஸ் வந்துவிட்டது" என்றவனும் "வரவே வராது" என்றவனும் டிவியில் கத்திக்கொண்டிருந்த அத்தனை நாளும் காகிதம் எங்கே நின்றது என்று கேட்டவன் அபூர்வம்.

சீக்கிரமே கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மேலூர்ப் பக்கம் பார். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வெளிவந்தது. நவம்பர் 23 கிராம சபையில் அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊர்களும் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளத்துக்குப் பேரணி, ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம் தனியாக இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சுவார்த்தைக்குப் போகிறவன் கையில் தேதியும் கையெழுத்தும் போட்ட ஒரு தாள் இருந்தது. இரண்டு மாதத்தில் முடிந்ததற்குக் காரணம், அது குத்தகை ஆகுமுன்னே, ஏலம் என்ற படியிலேயே பிடித்துவிட்டார்கள் என்பதுதான். குவாரி தோண்டிய பிறகு வருகிற கோபத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது.

கிராம சபை வருஷத்துக்கு 6: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர் மக்கள்தொகை இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டாது என்கிறாய். 501-லிருந்து 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். இந்த நூறு பேரைக் காட்டத்தான் நூறு நாள் வேலை ஆட்களை அப்படியே கூட்டி வந்து கையெழுத்து வாங்குவது. கவனிக்க வேண்டிய இடமும் அதுதான். வருகைப் பதிவேடு முதலிலேயே கைமாறும். தீர்மானப் புத்தகம் கடைசிவரை கிளார்க் மடியிலேயே இருக்கும். நீ பேசியது "விவாதிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும், அல்லது மறுநாள் வேறு கையெழுத்தில் வேறொன்றாக வளரும். பேசுவதை வீட்டிலேயே நாலு வரியில் தீர்மான வாசகமாக எழுதிக்கொண்டு போ. புத்தகத்தில் ஏற்றச் சொல், வாசிக்கச் சொல், போனில் படம் எடு. வரவு செலவைக் காட்டும் படிவம் 30-ஐயும் கேள். அதை சபை பார்வைக்கு வைத்தே ஆகணும். உங்கள் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, இப்போது பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். ஒன்றியத்தின் எல்லா ஊராட்சியும் அவர் ஒருவர் தலையில். அவர் உங்கள் ஊருக்கு நேரில் வருவார் என்று எதிர்பார்க்காதே. பத்து வருஷம் தேர்தலையே முறையாக நடத்தவிடாமல் வைத்திருந்த பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2-ல் முதலமைச்சரே வந்து கிராம சபையில் உட்கார்ந்தார். அதெல்லாம் எப்போதாவதுதான்.

சிமெண்ட் ரோடு ஆறு மாதத்தில் பெயர்ந்ததைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். மனுவில் "தரமற்ற சாலை" என்று எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும், அத்தோடு சரி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் (ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி அனுப்பி ஏமாறாதே), பி.டி.ஓ. ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் பெயர்ந்தது?" என்று கேட்காதே, ஏன் என்பதற்குக் கோப்பில் காகிதம் இருக்காது, அதையே காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். எஸ்டிமேட் நகல், பணி ஆணை நகல், எம் புக் (செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகம்) பக்கங்களின் நகல், பில் நகல் என்று ஆவணமாகக் கேள். எதற்காகக் கேட்கிறாய் என்று நீ சொல்ல வேண்டியதில்லை. இடம் மாறி அனுப்பியிருந்தால் 5 நாளில் உரிய ஆபீஸுக்கு அவர்களே அனுப்பணும்.

எம் புக் கைக்கு வந்ததும் டேப்பை எடு. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. கனம் 10 தான் என்றால் போட்டது 30. நீளத்தில் ஏமாற்ற மாட்டார்கள், கண்ணுக்குத் தெரியும். கனத்தில்தான் கை வைப்பார்கள். ஓரத்தில் மண் அணைத்திருக்கும், அங்கே அளந்தால் தப்பாக வரும். குடிநீர்க் குழாய்க்காக ரோட்டை வெட்டிய இடம் ஒன்று எல்லாத் தெருவிலும் இருக்கும். வெட்டு முகத்தில் அளந்து, ஸ்கேலோடு படம் எடு. அடியில் உள்ள ஜல்லிப் படுகை எஸ்டிமேட்டில் தனி வரி. அதையும் கனத்தில் சேர்த்துக்கொண்டால் உன் கணக்கு தப்பு, சேர்க்காமல் ஓவர்சியரிடம் வாதாடினால் உன் கணக்கு நிற்கும்.

கண்மாய் விஷயத்தில் ஆபீஸ் மாறிப்போகிறவர்கள்தான் அதிகம். ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 100 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் அது ஒன்றியக் கண்மாய், பி.டி.ஓ.விடம் போ. அதற்கு மேல் நீர்வளத்துறை. ரேஷன் கார்டு என்றால் தாலுகா ஆபீஸில் வட்ட வழங்கல் அலுவலர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் எதைக் கொடுத்தாலும் கடைசியில் இவர்களிடம்தான் இறங்கும். ஆனாலும் ரசீது கிடைக்கும், அதற்காகவே போகலாம்.

ஓட்டு: சென்னையிலிருந்து மாற்றுவதற்குப் படிவம் 8. புதிய வாக்காளருக்கான 6-ஐ நிரப்பினால் இரண்டு இடத்தில் பெயர் ஏறும், அது சட்டப்படி தப்பு. அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல். அந்த நெரிசலுக்கு முன்னால் முடித்துவிடு. ஊராட்சித் தேர்தலின் வாக்காளர் பட்டியலும் இதிலிருந்துதான் எடுப்பார்கள்.

ஒரே ஒரு அவசரம். தகவல் உரிமை மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பதிலுக்கு 30 நாள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லி நடுவில் ஒரு கடிதம் வரும். அது வந்ததிலிருந்து நீ கட்டும்வரை உள்ள நாள் அந்த முப்பதில் சேராது. பதிலே வராவிட்டால் அதற்கப்புறம் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆகஸ்ட் 15 சபையில் எம் புக்கை விரித்து வைத்துப் பேசணுமென்றால் இந்த மாதம் முடிவதற்குள் தபாலில் சேர்த்துவிடு. ஒப்புகை அட்டையோடு அனுப்பு, அட்டை திரும்பி வந்ததும் எனக்கும் ஒரு வரி போடு.

அன்புடன்,
உன் மாப்ள