பட்டன்தான் அமுக்குகிறார், ஆனால்...

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டன் இரவு வாழ்க்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் 'அடுத்தவர் பாட்டை ஓடவிட்டுக் கையை ஆட்டுவதுதான் டிஜே வேலை' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார் கட்டுரையாளர். பெரிய மைதானத் திருவிழாக்களைப் பார்த்தால் அப்படித் தோன்றலாம், சரி. சின்ன கிளப் ஒன்றில் யூகே கராஜ் என்ற நடன இசையைப் போடும் டிஜேயைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் இப்படி எழுதமாட்டார்.

இந்த இசை பிறந்ததே டிஜேக்களின் கைவேலையில்தான். 1990களின் முற்பாதியில் தெற்கு லண்டனின் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில், சனிக்கிழமை இரவு முழுக்க ஆடியும் வீடு திரும்ப மனமில்லாத கூட்டத்துக்காக ஞாயிறு காலையில் பப்பில் பாட்டுப் போட்டார்கள். அமெரிக்க கராஜ் இசைத்தட்டுகளைத்தான் வேகம் கூட்டிச் சுழற்றினார்கள். வேகம் கூடினால் பாடகர் குரல் கீச்சென்று ஆகிவிடும். அதனால் குரல் குறைந்த டப் பதிப்புகளாகத் தேடிப் போட்டார்கள். நிமிடத்துக்கு 130 தாள அடி என்ற இன்றைய நடை அங்கிருந்து வளர்ந்தது.

அப்புறம் ரீவைண்ட். நம் நாடகக் கொட்டகை 'ஒன்ஸ் மோர்' மாதிரிதான், ஆனால் பாட்டு முடியும்வரை இங்கே யாரும் பொறுப்பதில்லை. பேஸ் என்னும் கனத்த அடியொலி விழுந்த சில நொடிகளிலேயே கூச்சல் கிளம்பும். முன்வரிசையில் இருப்பவர்கள் டிஜே மேசையைத் தட்டுவார்கள். அவர் தட்டைச் சர்ரென்று பின்னால் சுழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் ஜமைக்கா சவுண்ட் சிஸ்டங்களிலிருந்து வந்த பழக்கம். ஆடுகிறவர் கை எட்டும் தூரத்தில் மேசை இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

கராஜ் இசையில் பெயர்பெற்ற லண்டன் டிஜே ஈஸியும் பட்டன்தான் அமுக்குகிறார். ஆனால் எப்படி? ஒரு பாட்டின் துண்டுகளைப் பட்டன்களில் பிரித்து வைத்து, தவில்காரர் விரல் வேகத்தில் தட்டி, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு பாட்டின் தாளத்துக்குள் செருகுகிறார். 2016இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 24 மணி நேரம் இணைய நேரலையில் வாசித்தவர் அவர்.

லண்டன் ஷோர்டிச் பகுதியில் இருந்த பிளாஸ்டிக் பீப்பிள் போன்ற சின்ன நிலவறை கிளப்பே 2015இல் மூடப்பட்டுவிட்டது. இருட்டும் நல்ல ஸ்பீக்கரும் தவிர அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. மிச்சமிருக்கும் சின்ன கிளப்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கட்டுரையாளர் இந்த முறை மேசைக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

– ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்