மகளுக்கு, அட்டனிலிருந்து

அன்புள்ள மகள்,

நாங்கள் சுகம். மழைக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை போனில் முகம் காட்டவில்லை. நெட் சரியில்லை என்றாய். சரி.

பெரியப்பா திரும்பவும் கேட்டார், "பிள்ளை என்ன பாடம்தான் படிக்குது? சட்டமா, சரித்திரமா?" சமூக அரசியல் கோட்பாடு, பல துறைகளைச் சேர்த்துப் படிக்கும் ஆராய்ச்சி என்றேன். "அதுக்கு யார் வேலை குடுப்பான்?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாயியின் பத்திரங்களை எடுத்து அவர் முன்னால் போட்டேன். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது, அடுத்த வருஷம் ஓட்டும் போனது. கொழுந்து பறிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஓட்டு வேண்டாம். இதைச் சட்டம் மட்டும் படித்தவர் விளக்குவாரா, பொருளாதாரம் மட்டும் படித்தவர் விளக்குவாரா? 1964இல் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். தன் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறிய பிறகு அப்பாயி ஏன் எந்தப் பத்திரத்திலும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றாள்? அதைக் கேட்கிற பாடம் உன்னுடையதுதான். பெரியப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்டைப் பற்றி நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஜெர்மனியை விட்டு ஓடி, 1951இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும்வரை நாடற்றவராய் இருந்தவர். உரிமைகள் இருக்க முதலில் ஓர் உரிமை வேண்டும் என்றவர். அன்றைக்கு எவ்வளவு வேகமாகப் பேசினாய்! பொங்கலுக்குப் பிறகு படிப்பைப் பற்றி உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அம்மா என்னைக் கேட்கச் சொல்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பேராசிரியரைப் போய்ப் பார். எழுதியது சரியில்லை என்று சொன்னால் சொல்லட்டும், போய்ப் பார். நாடற்றவர்களாய் மிஞ்சியிருந்த நம் ஆட்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்தது, நீ அப்போது சின்னப்பிள்ளை. இதை எழுத நம் தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஒருத்தி போயிருக்கிறாள் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. அதற்காக நீ எதையும் மறைக்க வேண்டாம். படிப்பை விட்டிருந்தாலும் என்னிடம் சொல். சங்கிலியை அடகிலிருந்து மீட்டாகிவிட்டது, காசை நினைத்துப் பயப்படாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா தூங்கின பிறகு போன் எடுத்தாலும் சரி, நான் முழித்துத்தான் இருப்பேன்.

அப்பா