ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன் கால அட்டவணையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதம் பிறந்ததும் நெல்லையில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. டவுன், பேட்டை, மேலப்பாளையம், பாளையங்கோட்டை என்று எந்தப் பகுதியிலும் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியும் நிதியுதவி பெறும் நடுநிலைப் பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பெற்றோர் ஒப்பிட்டுப் பார்ப்பதோ சுவரின் பெயிண்டையும் ஸ்மார்ட் போர்டையும்தான்.

முதலில் கேட்க வேண்டியது 6, 7, 8 வகுப்புகளின் கால அட்டவணை. கல்வி உரிமைச் சட்டப்படி இந்த வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் தலா ஒருவராவது இருக்க வேண்டும். பாடங்கள் ஐந்து, ஆள் மூன்று. அதனால் கணக்கு ஆசிரியரே அறிவியலும் எடுப்பது சாதாரணம், அதைக் குறையென்று சொல்ல மாட்டோம். மூவரில் ஒருவரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பும்போதுதான் கெடுகிறது. ஏழும் எட்டும் ஒரே அறைக்கு வந்துவிடும். சம்பளப் பட்டியல் இங்கே, ஆள் அங்கே என்பதால் கணக்கில் மூவர் இருப்பதாகவே தெரியும். பள்ளிகளின் விவரங்களைப் பதியும் அரசின் யுடைஸ் இணையதளத்தில் 11 இலக்கப் பள்ளி எண்ணைத் தட்டிப் பார்ப்பவர்களுக்கும் இது பிடிபடாது. அங்கே இருப்பது எப்போதோ பதிந்த கணக்கு. ஆகவே “எத்தனை ஆசிரியர்கள்?” என்று கேட்காமல், “இன்று ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பது யார், அவர் எந்தப் பாடத்துப் பட்டதாரி?” என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் ஆகிறது. எண்ணிக்கை சரிந்த பள்ளியில் ‘உபரி’ என்று ஒருவரைப் பணிநிரவலில், அதாவது ஆள் குறைந்த வேறு பள்ளிக்கு, அனுப்பிவிடலாம். ஜூனில் நன்றாகத் தெரிந்த பள்ளி அரையாண்டுக்குள் ஆளில்லாமல் நிற்பது இப்படித்தான்.

அடுத்தது, அதே பள்ளியில் ஐந்தாவது முடித்தவர்களில் எத்தனை பேர் ஆறாவதுக்கும் அங்கேயே இருந்தார்கள் என்பது. அந்தப் பள்ளியை ஐந்து வருடம் பார்த்த பெற்றோரின் தீர்ப்பு அது. ஆனால் ஒன்பதாவதுக்கு மறுபடியும் இடம் தேட வேண்டுமே என்று பயந்து மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுபவர்களும் நிறைய. அந்தப் பயத்துக்காகப் பெயர் பெற்ற பள்ளியில் 60 பேர் அடைந்த பிரிவில் போடுவதைவிட, 25 பேர் இருக்கும் நடுநிலைப் பள்ளியே மேல் என்பது எங்கள் கருத்து. அங்கே கட்டுரை நோட்டில் தேதியுடன் சிவப்பு மை திருத்தம் இருக்கிறதா என்று ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

கற்பித்தலை அளக்க வெளியிலிருந்து வரும் அளவுகோல் ஒன்று உண்டு: எட்டாம் வகுப்புக்கான என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்று கேளுங்கள். ஒருவரையும் எழுத அனுப்பாத பள்ளி என்றால் யோசிக்க வேண்டும்.

மாநகராட்சிப் பள்ளிக்கும் நிதியுதவிப் பள்ளிக்கும் பெற்றோர் கவனிக்காத வேறுபாடு ஒன்று இருக்கிறது. மருத்துவம், பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாநகராட்சிப் பள்ளி அதில் சேரும், நிதியுதவிப் பள்ளி சேராது. ஆனால் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் நிதியுதவிப் பள்ளியின் தமிழ் வழி மாணவியருக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நிதியுதவிப் பள்ளிகளின் ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதி. கட்டணத்தைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். காலை உணவும் ஐந்தாவது வரைதான். தம்பி மூன்றாவது, அக்காள் ஆறாவது என்றால் ஒரே வளாகத்தில் தம்பிக்கு உப்புமா உண்டு, அக்காளுக்கு இல்லை. இதை அரசுதான் சரிசெய்ய வேண்டும்.

கட்டடத்தைப் பார்க்க இடைவேளை நேரத்தில் போக வேண்டும். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் குழாயில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் விழுகிறதா, சுவரில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். 2021 டிசம்பரில் இதே நகரில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

பாடவாரியாகப் பணியில் இருக்கும் ஆசிரியர்கள், காலியிடம், மாற்றுப்பணியில் போனவர்கள், வகுப்புவாரி எண்ணிக்கை, மூன்றாண்டு என்எம்எம்எஸ் தேர்ச்சி ஆகியவற்றை ஒவ்வொரு நடுநிலைப் பள்ளி வாசலிலும் கரும்பலகையில் எழுதி வைக்க மாவட்டக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும். மே முதல் வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்ட் நிர்ணயம் முடிந்ததும் ஒரு தடவை எழுதினால் போதும். இதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.